ஏற்றம் இறைக்க மறுத்த கிழவர்

1999 கோடையில் என் தாத்தாவிடம் ஒரு சீனக் கதையைச் சொல்லி மூக்குடைபட்டேன். கல்லூரி முடித்து, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊரில் உட்கார்ந்திருந்த காலம். சுவாங்ட்சு என்ற பழஞ்சீன ஞானியின் நூல், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பிரதி ஒன்று, முன்னட்டை இல்லாமல், எப்போதும் கையில் இருக்கும். தாத்தா கிணற்றடி வேப்பமரத்தின் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். த்ரீ பேஸ் கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும். அது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் பொழுது போகவில்லை, எனக்கும் போகவில்லை. கதை சொல்ல ஆரம்பித்தேன்.

கன்பூசியஸின் சீடர் சிகோங், தெற்கே சூ நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். ஹான் ஆற்றின் தென்பக்கத்தில் ஒரு கிழவர் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். கிணற்றுக்குள் இறங்க ஒரு வழி வெட்டி வைத்திருக்கிறார். அதில் இறங்கி, குடத்தில் மொண்டு, தூக்கிக்கொண்டு ஏறி வந்து பாத்தியில் ஊற்றுகிறார். மறுபடி இறங்குகிறார். உழைப்பு மலையளவு, நனைந்தது கையளவு. சிகோங்குக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இதற்கென்று ஒரு பொறி இருக்கிறது. ஒரே நாளில் நூறு பாத்தி பாயும். உழைப்பு கொஞ்சம், பலன் நிறைய. உங்களுக்கு வேண்டாமா?" என்கிறார். கிழவர் நிமிர்ந்து பார்த்து, அது எப்படி என்று கேட்கிறார். "மரத்தைச் செதுக்கிச் செய்வது. பின்பக்கம் கனமாக இருக்கும், முன்பக்கம் லேசாக இருக்கும்..."

தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏத்தம்டா அது."

ஏற்றம்தான். ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை. ஏதோ பழஞ்சீனத்து விசித்திரக் கருவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் ஏற்றம் மிதித்தவர் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

மீதிக் கதையைச் சொன்னேன். கிழவரின் முகம் கோபத்தில் சிவக்கிறது, பிறகு சிரிக்கிறார். "என் குருநாதர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொறி இருக்கும் இடத்தில் பொறிக்கான வேலைகள் வரும். பொறி வேலைகள் வந்தால் பொறி நெஞ்சு வரும். பொறி நெஞ்சு உள்ளே புகுந்தால் மாசில்லாத தன்மை குறைந்துபோகும், உயிர் நிலைகொள்ளாது, அப்படிப்பட்டவனைத் தாவோ என்னும் பெருவழி தாங்காது. நீ சொல்கிற பொறி எனக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தொட வெட்கப்படுகிறேன்."

தாத்தா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தாளுக்கு எத்தினி காணி நெலம்?"

"காய்கறித் தோட்டம்தான் தாத்தா."

"அதான பாத்தேன். கத்திரிக்கா பாத்திக்கு எவன் ஏத்தம் போடுவான்? ஒரு காணி நெல்லு போட்டிருந்தா அவனே வந்து தொலாக்கட்ட எங்க கெடைக்கும்னு கேட்டிருப்பான்."

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி; மூலத்தில் இருப்பது வயல் இல்லை, காய்கறிப் பாத்தி. ஆதித் தாவோயிசம், இயற்கையோடு இசைந்த வாழ்வு என்று யார் பேச்செடுத்தாலும் இன்றைக்கும் என் காதில் முதலில் விழுவது தாத்தாவின் அந்தக் கேள்விதான்.

சுவாங்ட்சுவைப் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரர். அரக்கு மரத் தோட்டம் ஒன்றில் சின்ன உத்தியோகத்தில் இருந்தவர் என்று பண்டைச் சீன வரலாற்றாசிரியர் சீமா சியனின் நூலில் வருகிறது. அவர் பெயரில் இருக்கும் நூலில் இன்று 33 அத்தியாயங்கள். முதல் ஏழுதான் அவர் கையால் ஆனவை என்பது பொதுவான கருத்து; மற்றவை பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. ஏற்றக் கதை 12-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, ஆகவே பின்னால் வந்த ஒருவருடையது. தாவோ தே ஜிங் என்ற நூலை எழுதியதாகச் சொல்லப்படும் லாவோட்சு என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா என்பதில் சீமா சியனுக்கே தெளிவில்லை. அரசு ஆவணக் காப்பாளர் என்கிறார், பிறகு வேறு இரண்டு பேரைக் காட்டி, ஒருவேளை இவராக இருக்கலாமோ என்கிறார். இந்த ஆராய்ச்சியில் எனக்கு ருசி குறைவு. போகரைச் சீனத்தோடு முடிச்சுப்போடும் நம்மூர்க் கதைகளுக்குள்ளும் நான் போகப் போவதில்லை.

சொல்லுக்கு வருகிறேன். கிழவர் சொன்ன "பொறி" சீனத்தில் "ஜி". அந்தக் காலத்தில் அந்த எழுத்துக்கு நெருக்கமான பொருள், குறுக்குவில்லின் விசை. நாணை இழுத்து மாட்டி, குறிபார்த்து, விரலை வைத்துக் காத்திருக்கும் அந்த வெண்கல விசை. போரிடும் நாடுகளின் காலம் அது. அந்த விசையின் சத்தம் தெரியாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே "ஜி நெஞ்சு" என்றால் எந்திரம் போன்ற நெஞ்சு என்பது மட்டுமில்லை. நாணேற்றிய நெஞ்சு, எப்போதும் எதையோ குறிவைத்தபடி இருக்கும் நெஞ்சு. இன்றைய சீனத்திலும் அந்தச் சொல்லுக்குச் சூது, உள்நோக்கம் என்ற பொருள் இருக்கிறது. செல்போனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரில் இருப்பதும் இதே "ஜி"தான்: கைப்பொறி. கிழவர் கேட்டிருந்தால் இன்னொருமுறை சிரித்திருப்பார்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. நம் பொறிக்கு எந்திரம் என்றும் பொருள், எலியைப் பிடிக்கும் கண்ணி என்றும் பொருள், கண், காது, மூக்கு என்ற ஐம்பொறி என்றும் பொருள். கிழவரின் வாதம் முழுவதும் நம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் அவர் வாதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது நெஞ்சு இல்லை, நடுவில் இருக்கும் "பொறிக்கான வேலைகள்". இதை எழுதியவர் ஒரு கருவியையாவது வீட்டில் வைத்துப் பராமரித்தவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் ஆயில் எஞ்சின் வந்தது. பிறகு கரண்ட் மோட்டார். மோட்டார் வந்ததும் மோட்டாரின் வேலைகள் வந்தன. காயில் எரிந்தால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டி வர வேண்டும், மூன்று நாள் பயிர் காயும். ஃபுட்வால்வில் குப்பை அடைத்தால் ஆள் உள்ளே இறங்க வேண்டும். கரண்டுக்காக இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வேண்டும். கேபிளைத் திருடர் அறுத்துப்போகாமல் காவல் படுக்க வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரர் போர்வெல் போட்டார், எங்கள் கிணறு இறங்கியது. நாங்களும் போட்டோம், அவர் இன்னும் ஆழமாகப் போட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். இன்று அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. உள்சுவரில் ஓர் ஆலங்கன்று முளைத்திருக்கிறது.

அதற்காகத் தாத்தாவிடம் போய் "அந்தக் காலமே நல்ல காலம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பாதங்களைப் பார்த்தவர்களுக்கும் வராது. ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து நடந்து, உள்ளங்கால் இரண்டும் பழைய செருப்புத் தோல்போல் ஆகியிருந்தன. கீழே ஒருவர் கழியைப் பிடித்துச் சால் என்னும் வாளியைத் தண்ணீரில் முக்க, மேலே இருவர் மரத்தின்மேல் நடப்பார்கள். ஏற்றப்பாட்டு, இறைத்த சால்களை எண்ணிக்கை தவறாமல் எண்ணுவதற்கு. விடியற்காலை பனியில் மரம் வழுக்கும். ஒருமுறை விழுந்ததில் அவருடைய தாடை கிழிந்த தழும்பு கடைசிவரை இருந்தது. முதல் நாள் எஞ்சின் தண்ணீரைக் கக்கியபோது கையெடுத்துக் கும்பிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தபோதுதான், அதே நூலில் இரண்டு அத்தியாயம் தள்ளி, ஏற்றம் மறுபடி வருவதைக் கவனித்தேன்.

14-ஆம் அத்தியாயம். ஜின் என்ற இசை ஆசான் ஒருவர், கன்பூசியஸின் அன்புச் சீடர் யான் ஹுய்யிடம் பேசுகிறார். உன் ஆசிரியர் பழங்காலத்து முறைகளைத் தூக்கிக்கொண்டு இன்றைய நாடுகளில் அலைகிறார், அது படகைத் தரையில் தள்ளுவது போல என்கிறார். பிறகு சொல்கிறார்: "நீ ஏற்றத்தைப் பார்த்ததில்லையா? இழுத்தால் தாழும், விட்டால் உயரும். அதை மனிதர்கள் இழுக்கிறார்கள். அது மனிதர்களை இழுப்பதில்லை. அதனால்தான் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் யாருடைய பொல்லாப்புக்கும் அது ஆளாவதில்லை."

அங்கே தொட வெட்கப்பட வேண்டிய பொருள், இங்கே பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய பொருள். இரண்டும் ஒரே நூலில். தொகுத்தவர்கள் யாரும் இதைச் சரிசெய்ய முயலவில்லை. எனக்கு சுவாங்ட்சு பிடித்துப்போக முக்கியக் காரணம் இந்தக் கூச்சமில்லாமைதான்.

அதே பேச்சில் வைக்கோல் நாயும் வருகிறது. பலிச்சடங்குக்கு முன்னால் அதைச் சித்திரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். பூசாரி விரதமிருந்து தூக்குவார். சடங்கு முடிந்ததும் போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதிப்பார்கள், புல்லறுப்பவர்கள் பொறுக்கிப் போய் அடுப்பெரிப்பார்கள். தாவோ தே ஜிங்கின் ஐந்தாம் அத்தியாயம் படித்தவர்களுக்கு இந்த நாய் பழக்கம். "வானுக்கும் மண்ணுக்கும் பரிவு கிடையாது, எல்லா உயிரையும் வைக்கோல் நாயாகவே நடத்துகின்றன" என்பது அந்த வரி. லாவோட்சு சொன்னதாக வாட்ஸப்பில் சூரிய உதயப் படத்தோடு வரும் பொன்மொழிகளில் இந்த வரியை மட்டும் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இயற்கை நம்மை அணைத்துக்கொள்ளக் காத்திருக்கும் தாய் என்ற எண்ணம் இந்த நூல்களில் இல்லை. கதிர் முற்றி நிற்கும்போது நான்கு நாள் மழை பிடித்துக்கொள்வதைப் பார்த்த எவருக்கும் இது புதிய செய்தியும் இல்லை.

இன்றைய சீனத்தில் இயற்கை என்பதற்கு "ட்சுரான்" என்கிறார்கள். தாவோ தே ஜிங்கின் 25-ஆம் அத்தியாயத்தில் இதே சொல் வருகிறது: மனிதன் மண்ணைப் பின்பற்றுகிறான், மண் வானை, வான் தாவோவை, தாவோ ட்சுரானை. ஆனால் அங்கே அதற்கு மலை, காடு, பறவை என்று அர்த்தமில்லை. "ட்சு" தான், "ரான்" அப்படி. தானே அப்படி இருப்பது. வெளியிலிருந்து யாரும் தள்ளாமல் தன்போக்கில் நடப்பது. தமிழில் "இயல்" என்ற வேரிலிருந்து இயற்கை வந்தது, "செய்" என்பதிலிருந்து செயற்கை. இந்த இரண்டு சொற்களையும் எதிரெதிரே வைத்தாலே ஆதித் தாவோயிசத்தின் பாதி விளங்கிவிடும். "வூ வெய்" என்பதைச் செயலின்மை என்று பெயர்த்துவிட்டுச் சோம்பேறித்தனத்துக்கு நியாயம் தேடுகிறோம். அது செயற்கையின் மறுப்பு; வலிந்து செய்யாமை.

1993-இல் ஹூபெய் மாநிலத்தில் குவோதியன் என்ற இடத்தில், திருடர்கள் ஏற்கெனவே கைவைத்திருந்த ஒரு கல்லறையைத் தோண்டியபோது, கி.மு. 300 வாக்கில் புதைக்கப்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அவற்றில் லாவோட்சுவின் வரிகள் சுமார் 2,000 எழுத்துகள் அளவுக்கு இருந்தன. இன்று நாம் படிக்கும் 81 அத்தியாயங்கள், சுமார் 5,000 எழுத்துகள் கொண்ட நூலில் "அன்பை விடு, அறத்தை எறி" என்று வரும் 19-ஆம் அத்தியாயம் இந்தப் பட்டையில் வேறு மாதிரி இருக்கிறது. அன்பையும் அறத்தையும் அது திட்டவில்லை. எதை விடச் சொல்கிறது என்பதற்கு ஒரு விநோதமான எழுத்து: "செய்" என்ற எழுத்து, அதன் கீழே "நெஞ்சு" என்ற எழுத்து. நெஞ்சறிந்து, திட்டமிட்டு, பாவனையாகச் செய்வது என்று ஆய்வாளர்கள் பொருள் கொள்கிறார்கள். பிற்காலத்தில் நெஞ்சு போய், அந்த இடத்தில் "ஆள்" வந்து ஒட்டிக்கொண்டது. பொய், போலி என்ற பொருள் நிலைத்துவிட்டது. அந்தப் பட்டையின் படத்தை முதலில் பார்த்தபோது கிழவரின் பொறி நெஞ்சு ஞாபகம் வந்தது. அவர் பயந்தது மரக்கட்டைக்கு இல்லை போலிருக்கிறது.

அதே கல்லறையில் இன்னொரு சிறு நூலும் இருந்தது. அதுவரை யாருக்கும் தெரியாத நூல். 14 பட்டைகள்தான். "பேரொன்று தண்ணீரைப் பெற்றது" என்று தொடங்குகிறது. பேரொன்று என்றால் எல்லாவற்றுக்கும் மூலமான மாபெரும் ஒன்று. தண்ணீர் திரும்பிப் பேரொன்றுக்குத் துணை நின்றது. அதனால் வான் உண்டானது. வான் திரும்பித் துணை நின்றது. அதனால் மண் உண்டானது. பிறந்தது எதுவும் தன் வழியே போய்விடவில்லை. பெற்றதற்குத் திரும்பி வந்து கைகொடுத்த பிறகே அடுத்தது பிறக்கிறது. பிறகு இருளும் ஒளியும், குளிரும் வெம்மையும், ஈரமும் உலர்வும் ஒன்றுக்கொன்று துணை நின்று, ஆண்டு முழுமையாகிறது. படைப்புக் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். பிள்ளை திரும்பி வந்து ஏர் பிடிப்பதைப் போன்ற படைப்புக் கதை இது ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதியவர்கள் வெறும் சிந்தனையாளர்கள் இல்லை, உட்கார்ந்து பயிற்சி செய்தவர்கள் என்பதற்கும் தடயங்கள் உண்டு. அதே காலத்தில் எழுந்த "உட்தொழில்" என்ற பாடல் நூல், முதுகை நிமிர்த்து, மூச்சைச் சீராக்கு, நெஞ்சை அமைதிப்படுத்து, அளவாகச் சாப்பிடு என்று நேரடியாகச் சொல்கிறது. சாங்ஷா அருகே மவாங்துய்யில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையை 1973-இல் திறந்தபோது, தாவோ தே ஜிங்கின் பட்டுப் பிரதிகளோடு ஓர் ஓவியமும் வந்தது. 44 உருவங்கள், ஆணும் பெண்ணும், கரடியைப் போலவும் கொக்கைப் போலவும் கைகால்களை நீட்டிப் பயிற்சி செய்கிறார்கள். சுவாங்ட்சுவின் ஆறாம் அத்தியாயத்தில் யான் ஹுய் வந்து கன்பூசியஸிடம் "முன்னேறிவிட்டேன்" என்கிறார். எப்படி? "அன்பையும் அறத்தையும் மறந்துவிட்டேன்." போதாது என்கிறார் ஆசிரியர். இன்னொரு நாள்: "சடங்கையும் இசையையும் மறந்துவிட்டேன்." போதாது. இன்னொரு நாள்: "உட்கார்ந்தேன், மறந்தேன். கைகால் உதிர்ந்தன, கண்ணும் காதும் விலகின, அறிவு போய்விட்டது." கன்பூசியஸ் திகைத்து, இனி நான் உன் பின்னால் வருகிறேன் என்கிறார்.

உட்கார்ந்து மறப்பதை நான் பல வருடம் முயன்றிருக்கிறேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்பதைத் தவிர வேறெதுவும் மறந்ததில்லை.

தண்ணீரில் மட்டும் இதில் கொஞ்சம் எனக்குக் கிட்டியிருக்கிறது. சுவாங்ட்சுவின் 19-ஆம் அத்தியாயத்தில் லூலியாங் அருவி வருகிறது. ஆமையும் மீனும்கூட நீந்த முடியாத சுழல். அதில் ஒரு மனிதன் போவதைக் கன்பூசியஸ் பார்த்து, சாகத்தான் குதித்துவிட்டான் என்று சீடர்களைக் கரையோரம் ஓடவிடுகிறார். அவனோ சில நூறு தப்படி தள்ளிக் கரையேறி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டு நடக்கிறான். என்ன வித்தை என்று கேட்டால், வித்தையே இல்லை என்கிறான். "சுழலோடு உள்ளே போகிறேன், எக்கலோடு வெளியே வருகிறேன். தண்ணீரின் வழியே போகிறேன், என் வழியைப் போடுவதில்லை. தண்ணீரில் வளர்ந்தேன், தண்ணீர் பழகிவிட்டது. ஏன் இப்படி என்று எனக்கே தெரியாது."

எனக்கு ஒன்பது வயதில் சித்தப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார். காய்ந்த சுரை, உள்ளே வெறும் காற்று, கழுத்தில் கயிறு. பயத்தில் கையையும் காலையும் அடித்த அடியில் வாய்க்குள் தண்ணீர். "கையக் கால சும்மா வுடுடா! அது மெதக்குது, நீ ஏன் அடிச்சிக்கிற?" என்று மேலிருந்து கத்தல். சும்மா விட்ட ஒரு நொடியில் முதுகை யாரோ மெல்லத் தூக்கிப் பிடித்தது போலிருந்தது. கிணற்றுப் பொந்தில் இருந்த புறாக்கள் படபடத்தது, பாசி வாசனை, தலைக்கு மேலே வட்டமாக வானம், எல்லாம் அந்த நொடியில்தான் தெரிந்தன. உடனே கயிறு நழுவிக் குடுக்கை ஒருபக்கம் போக, நான் நேராக உள்ளே போனேன். எந்தத் தாவோவும் வந்து தூக்கவில்லை. சித்தப்பா குதித்துத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

சுவாங்ட்சுவின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெரிய சுரைக்காய் இருக்கிறது. நண்பர் ஹூய்ட்சு புலம்புகிறார்: வெய் நாட்டு அரசர் கொடுத்த விதை, பிரம்மாண்டமாகக் காய்த்தது, தண்ணீர் நிரப்பினால் தாங்கவில்லை, பிளந்து அகப்பையாக்கினால் எந்தப் பானைக்குள்ளும் நுழையவில்லை, உதவாது என்று உடைத்துப் போட்டேன். சுவாங்ட்சு கேட்கிறார்: அதைக் கட்டிக்கொண்டு ஆற்றிலும் ஏரியிலும் மிதந்திருக்கலாமே? எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும் யோசனை, நாட்டின் பெரிய தர்க்கவாதிக்குத் தோன்றவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தாவோ தே ஜிங்கின் 80-ஆம் அத்தியாயம் எல்லோரும் மயங்கும் இடம். சின்ன நாடு, கொஞ்சம் மக்கள். பத்துப் பேர், நூறு பேர் வேலையைச் செய்யும் கருவிகள் இருந்தும் பயன்படுத்துவதில்லை. படகும் வண்டியும் இருந்தும் ஏறுவதில்லை. பக்கத்து ஊர்ச் சேவலும் நாயும் கேட்கும், ஆனால் சாகும்வரை ஒருவரும் அங்கே போய்வருவதில்லை. எனக்கு இதைப் படித்தால் மூச்சு முட்டுகிறது. அப்படிப்பட்ட ஊரில் யார் எந்தத் தெருவில் இருந்தார்கள், யார் கிணற்றில் யார் மொள்ளக் கூடாது என்பதை அந்த அத்தியாயம் சொல்வதில்லை. என் ஊரைவிட்டுப் பேருந்து ஏறியதால் மட்டுமே நிமிர்ந்து நடக்க முடிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேருந்தும் ஒரு பொறிதான்.

சிகோங்குக்கு என்ன ஆயிற்று? கிழவரின் பதிலைக் கேட்டுக் கூசிப்போய்த் தலைகுனிந்து நிற்கிறார். நீ யார் என்று கேட்கிறார் கிழவர். கன்பூசியஸின் சீடன் என்றதும் இன்னும் நாலு வாங்கிக் கட்டிக்கொள்கிறார். முப்பது லி (சீனத் தூர அளவு) நடந்த பிறகே முகத்தில் பழைய களை திரும்புகிறது. கன்பூசியஸிடம் போய்ச் சொன்னால், அந்தக் கிழவருக்கு ஒன்று தெரிகிறது, இரண்டு தெரியவில்லை. உள்ளே ஆளத் தெரிகிறது, வெளியே ஆளத் தெரியவில்லை என்கிறார். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று உரையாசிரியர்கள் இன்றுவரை வழக்காடுகிறார்கள்.

கிழவர் சிகோங்கிடம் கடைசியாகச் சொன்னது: "போ, என் வேலையைக் கெடுக்காதே."

அன்றைக்குத் தாத்தாவிடம் இதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் இரண்டு தரம் உறுமி, தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் கட்டில் காலை ஒரு உதை விட்டார்.

"நவுரு. மடை மாத்தணும்."